லாபம் என்று அளந்தால் போதுமா?
கமக்காரரின் கணக்குக் கொப்பியும் அவர் எடுக்கும் முடிவுகளும்

நெல் அளக்கும்போது முதல் அளவையை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவது தமிழ்க் கமக்காரரின் பழைய வழக்கம். அது ஒரு நல்ல வாழ்த்து. ஆனால் லாபம் என்று சொல்லி அளந்த நெல் உண்மையிலேயே வீட்டுக்கு லாபமாக வந்து சேர்ந்ததா என்பதை எமது குடும்பங்களில் எத்தனை பேரால் இலக்கத்தில் சொல்ல முடியும்? "இந்த முறை பரவாயில்லை", "போட்டது வந்தது", "கடன் கட்டினதோடு சரி" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகின்றது. ஏக்கருக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு செலவு, உழைத்த ஒரு நாளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால் பலரும் மௌனமாகி விடுவர்.

பெரிய கம்பனிகள் இன்று கணினியின் உதவியோடு தரவுகளைச் சேர்த்து, அவற்றைப் பார்த்தே எதை வாங்குவது, எதை விற்பது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கின்றன. இதைத் தரவு முறைமை என்பர். அது படித்தவர்களுக்கும் பணக்காரருக்கும் உரிய விடயம் என்று நாம் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. இரண்டு ஏக்கர் வயல் செய்யும் குடும்பமும் ஒரு தொழிலை நடத்தும் குடும்பமே. ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு தரவு முறைமை உண்டு. அதை எப்படி அமைப்பது, அதைக் கொண்டு எப்படி முடிவெடுப்பது என்பதையே இக்கட்டுரையில் நாம் பார்க்கப் போகின்றோம்.

இடம்பெயர்ந்தோருக்கு ஏன் இது கூடுதலாகத் தேவை?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எமது மக்கள் பல தடவைகள் இடம்பெயர்ந்தவர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊர்கள் பல காலியாயின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையின் கடலோரத்தை அழித்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் ஓடினர்.

இந்தக் காலங்களிலெல்லாம் எமது பெயர்கள் எத்தனையோ பட்டியல்களில் எழுதப்பட்டன. நிவாரண அட்டைக்கு ஒரு பட்டியல், கூடாரத்துக்கு ஒரு பட்டியல், தகரத்துக்கு ஒரு பட்டியல், விதைநெல்லுக்கு ஒரு பட்டியல். வந்தவர்கள் எல்லோரும் எம்மைப் பற்றி எழுதினார்கள். எழுதிய தாள்கள் அவர்களோடு போயின. எம்மிடம் மிஞ்சியது எதுவும் இல்லை. தரவு என்ற சொல்லைக் கேட்டதும் எம்மவருக்கு ஒரு சலிப்பு வருவதற்கு இது ஒரு காரணம். பிறர் எம்மைப் பற்றிச் சேர்க்கும் தரவு பிறருடைய முடிவுக்கு உதவும். எமது முடிவுக்கு உதவ வேண்டுமானால் எமது தரவு எமது கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பரம்பரையாகச் செய்த வயலில் கணக்குக் கொப்பி இல்லாமலே காலம் தள்ளலாம். எந்த மூலையில் வெள்ளம் நிற்கும், வாவியோரத்து எந்த வரவையில் உவர் ஏறும், எந்த மாதத்தில் யானை இறங்கும், வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு எத்தனை நாளில் வரும் என்பதெல்லாம் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்த அறிவு. இடம்பெயர்வு அந்தத் தொடரை அறுத்துவிட்டது. சிலர் குத்தகைக்கு எடுத்த புதிய காணியில் பயிர் செய்கின்றனர். சிலர் பல ஆண்டுகளுக்குப் பின் சொந்தக் காணிக்குத் திரும்பி, காடு மூடிய வரம்புகளையும் தூர்ந்துபோன வாய்க்கால்களையும் கண்டனர். எருமை மிதித்த இடத்தில் இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் ஓடுகின்றன. நெல்லினமும் மாறிவிட்டது, விலையும் மாறிவிட்டது. பழைய அனுபவம் மட்டும் இங்கே போதாது. புதிய நிலத்தின் அறிவை நாமே எழுத்தில் சேர்க்க வேண்டியிருக்கின்றது. மூன்று போகம் ஒழுங்காக எழுதிய கொப்பி, அந்த நிலத்தைப் பற்றி அயலவர் சொல்லும் பல கதைகளை விட நம்பத் தகுந்தது.

தரவு வேறு, தகவல் வேறு, முடிவு வேறு

"யூரியா ஒரு மூடை வாங்கினோம்" என்று எழுதினால் அது ஒரு தரவு. "இந்தப் போகத்தில் பசளைக்கு மட்டும் செலவில் நாலில் ஒரு பங்கு போயிற்று" என்று கூட்டிப் பார்த்தால் அது தகவல். "ஆகவே அடுத்த போகத்தில் வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே போட்டு, மண்ணைச் சோதித்த பின்பே பசளை வாங்குவோம்" என்று தீர்மானித்தால் அது முடிவு. முடிவில் கொண்டுபோய்ச் சேர்க்காத தரவு வெறும் எழுத்து வேலைதான்.

எனவே கொப்பியைத் திறக்குமுன் கேள்வியை எழுத வேண்டும். கமக்காரக் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் வரும் கேள்விகள் அதிகம் இல்லை. சிறுபோகம் செய்வதா, விடுவதா? குத்தகைக் காணியைத் தொடர்ந்து வைத்திருப்பதா? எந்த இனத்தை விதைப்பது? நெல்லை வயலிலேயே ஈரமாக விற்பதா, காயவைத்து வைப்பதா? கடன் எடுப்பதென்றால் எவ்வளவு, எங்கே? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல உதவும் விடயங்களை மட்டும் எழுதினால் போதும். கேள்விக்கு உதவாத எதையும் எழுதிக் களைத்துப் போகத் தேவையில்லை.

கொப்பியில் எழுத வேண்டியவை

ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து ஒவ்வொரு வயல்துண்டுக்கும் தனியாகச் சில பக்கங்களை ஒதுக்குங்கள். இரண்டு காணிகளின் கணக்கைக் கலந்து எழுதினால், ஒன்று மற்றதன் நட்டத்தை மறைத்துவிடும்.

1. வயலின் பெயர், பரப்பு, சொந்தமா குத்தகையா, குளத்து நீரா அல்லது வானம் பார்த்ததா என்பன. உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற குளங்களின் கீழ் உள்ள வயலையும் மானாவாரி வயலையும் ஒரே கண்ணோடு பார்க்க முடியாது.

2. திகதி. உழவு, விதைப்பு, பசளை, மருந்து, வெட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் திகதி வேண்டும். திகதி இல்லாத குறிப்பில் பாதிப் பயன்தான் உண்டு.

3. கையிலிருந்து போன காசு. எதற்கு, எவ்வளவு, கைக்காசா கடனா என்பது.

4. காசாகப் போகாத செலவு. வீட்டு நெல்லிலிருந்து எடுத்த விதை, குடும்பத்தார் வேலை செய்த நாட்கள். மனைவி களை பிடுங்கிய நாளும், பிள்ளை காவல் இருந்த இரவும் இதில் சேரும்.

5. விளைச்சலும் விற்பனையும். எத்தனை கிலோ, யாருக்கு, என்ன விலைக்கு, ஈரமா காய்ந்ததா, எவ்வளவு கழிவு வெட்டினார்கள் என்பன. மூடைக் கணக்கில் எழுத வேண்டாம். மூடையின் நிறை இடத்துக்கு இடம் வேறுபடும். கிலோவில் எழுதினால்தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடலாம்.

6. நடந்தவை. வெள்ளம், வரட்சி, யானை, அறக்கொட்டி, தண்ணீர் திறந்த நாள், பூட்டிய நாள் என்பன.

எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதலாம். கிழமையில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும். கொப்பியைப் பொலித்தீன் பையில் இட்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றோடு ஒன்றாக வையுங்கள். ஓட வேண்டி வந்தால் அந்த ஒரு பையை எடுத்தால் போதும். இப்போது பல வீடுகளில் கமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கின்றது. மாதம் ஒருமுறை பக்கங்களைப் படம் பிடித்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைத்தால் தண்ணீரோ நெருப்போ அந்தக் கணக்கை அழிக்க முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கு

கணக்கை விளக்குவதற்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. உங்கள் வயலின் உண்மையான எண்களை இவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

பெரும்போகத்தில் 2 ஏக்கர். உழவுக்கு 40,000 ரூபா, விதைநெல்லுக்கு 20,000, பசளைக்கு 40,000, களை மற்றும் பூச்சி மருந்துக்கு 25,000, அறுவடை இயந்திரத்துக்கு 30,000, சாக்குக்கும் ஏற்றுக்கூலிக்கும் 10,000. மொத்தம் 165,000 ரூபா. இதில் 100,000 ரூபா கடனாக எடுத்தது. மாதம் நூற்றுக்கு 3 வட்டிப்படி 5 மாதத்துக்கு 15,000 ரூபா. ஆகக் காசுச் செலவு 180,000 ரூபா.

குடும்பத்தார் உழைத்தது 40 நாள். வெளியில் கூலிக்குப் போயிருந்தால் நாளுக்கு 2,000 ரூபா கிடைத்திருக்கும் என்று வைத்தால், அதன் பெறுமதி 80,000 ரூபா. எல்லாம் சேர்ந்த செலவு 260,000 ரூபா.

விளைச்சல் 3,000 கிலோ. அப்படியானால் ஒரு கிலோ நெல்லுக்குக் காசுச் செலவு 60 ரூபா. எமது உழைப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 87 ரூபா. கிலோ 90 ரூபாவுக்கு விற்றால் 270,000 ரூபா வரும். காசுச் செலவைக் கழித்தால் 90,000 ரூபா மிஞ்சும். அதை 40 நாளால் பிரித்தால் ஒரு நாள் உழைப்புக்கு 2,250 ரூபா. கூலியை விடச் சற்றே கூட. விலை 75 ரூபாவுக்கு இறங்கினால் மிஞ்சுவது 45,000 ரூபா மட்டுமே. ஒரு நாளுக்கு 1,125 ரூபா. கூலியை விட மிகக் குறைவு. கையில் 45,000 ரூபா இருப்பதால் "லாபம்" என்று நினைப்போம். உண்மையில் எமது உழைப்பில் பாதியை நாம் இனாமாகக் கொடுத்திருப்போம்.

விவசாயத் திணைக்களம் போகத்துக்குப் போகம் வெளியிடும் பயிர்ச்செய்கைச் செலவு அறிக்கையிலும் இவ்வாறே இரண்டு கணக்குகள் உண்டு. குடும்ப உழைப்பு போன்ற சொந்த உள்ளீடுகளைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. எமது கொப்பிக்கும் இதே முறை பொருந்தும்.

உழைப்பைக் கணக்கில் எடுத்தால் உடனே வயலை விட்டுவிட வேண்டும் என்பதல்ல இதன் கருத்து. கூலிவேலை எல்லா நாளும் கிடைப்பதில்லை. சாப்பாட்டு நெல் வீட்டில் இருப்பது தனிப் பலம். ஆனால் முழு எண்ணையும் தெரிந்துகொண்டு எடுக்கும் முடிவு வேறு. தெரியாமல் வழமைக்காகச் செய்வது வேறு.

ஈரமாக விற்பதா, காயவைப்பதா?

அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறும்போதே வியாபாரியின் லொறி வரம்பில் நிற்கும். கடன்காரரும் அருகில் நிற்பார். இந்த ஒரு மணித்தியாலத்தில் எடுக்கும் முடிவுதான் ஆறு மாத உழைப்பின் பலனைத் தீர்மானிக்கின்றது. ஆகவே அந்தக் கணக்கை முன்னதாகவே போட்டு வைத்திருக்க வேண்டும்.

நெல்லில் நூற்றுக்கு 20 ஈரப்பதன் இருக்கும்போது 3,000 கிலோ என்றால், அதை 14 ஈரப்பதனுக்குக் காயவைத்தால் நிறை ஏறக்குறைய 2,790 கிலோவாகக் குறையும். குறைந்த 210 கிலோ வெறும் தண்ணீர். ஈரநெல்லை 90 ரூபாவுக்கு விற்றால் 270,000 ரூபா. அதே தொகை காய்ந்த நெல்லில் வருவதற்கே கிலோ ஏறக்குறைய 97 ரூபா விற்க வேண்டும். இனி, காயவைக்கும் கூலி 9,000 ரூபா, கடன் இன்னும் இரண்டு மாதம் நிற்பதால் வட்டி 6,000 ரூபா, எலியாலும் வண்டாலும் நூற்றுக்கு 2 இழப்பு என்று வைத்தால், இரண்டு மாதம் கழித்துக் கிலோ 104 ரூபாவுக்கு மேல் போனால்தான் வைத்திருந்ததில் பயன் உண்டு.

இந்த 104 என்ற எண்ணே உங்கள் கையில் இருக்க வேண்டிய தகவல். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாவும் உத்தரவாத விலையாக அறிவித்தது. 1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபை இத்தகைய விலையில் வாங்கும்போது 14 ஈரப்பதனுக்குக் காய்ந்த, பதர் நீக்கிய நெல்லையே எதிர்பார்க்கின்றது. ஆகவே காயவைக்கத் தளமும் படங்கும் இல்லாத குடும்பத்துக்கு உத்தரவாத விலை காகிதத்தில் மட்டுமே இருக்கும். காயவைக்கும் தளம் ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து அமைத்தால் எத்தனை போகத்தில் செலவு மீளும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். களஞ்சியம் எப்போது திறக்கும், எவ்வளவு வாங்கும் என்பது போகத்துக்குப் போகம் மாறுவதால், அறுவடைக்கு முன்பே கமநல சேவை நிலையத்தில் விசாரித்து வையுங்கள்.

வரவின் மாதமும் தவணையின் கிழமையும்

வயல் ஆண்டில் ஒரு தடவை அல்லது இரு தடவைகள்தான் காசு தரும். நுண்கடன் நிறுவனங்களின் தவணையோ கிழமைக்குக் கிழமை அல்லது மாதத்துக்கு மாதம் கதவைத் தட்டும். பல வீடுகளில் பெண்கள் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடனை எடுப்பது இதனால்தான். லாபமான பயிரைச் செய்யும் குடும்பமும் இந்த இடைவெளியில் விழுந்துவிடலாம்.

இதற்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 12 மாதங்களுக்கும் 12 கோடுகள் போடுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் நேரே வரக்கூடிய காசையும் போகவேண்டிய காசையும் எழுதுங்கள். வாவியில் இறால் படும் மாதங்கள், பால் விற்கும் மாதங்கள், பாடசாலை தொடங்கும் மாதம், திருவிழா மாதம் எல்லாம் இதில் தெரியும். எந்த மாதத்தில் குழி விழுகின்றது என்று கண்ட பிறகு, தவணையை அறுவடையோடு ஒட்டி வைக்கும் கடனைத் தேடலாம். அல்லது அந்த மாதத்துக்காகப் பத்துக் கோழி, ஒரு பாத்தி மரக்கறி என்று திட்டமிடலாம். கடன் தருபவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசும் பெண்ணின் வார்த்தைக்கு, காட்டாமல் பேசுபவரின் வார்த்தையை விடக் கனம் அதிகம்.

சேர்த்துப் பார்த்தால் தெரிவது

ஒரு குடும்பத்தின் கொப்பி அந்தக் குடும்பத்துக்கு உதவும். ஏழு குடும்பங்களின் கொப்பிகள் சேர்ந்தால் ஊருக்கு உதவும். ஏழு பேரின் காசுச் செலவு கிலோவுக்கு 55, 58, 60, 62, 64, 70, 121 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கூட்டி ஏழால் பிரித்தால் சராசரி 70 ரூபா. ஆனால் ஏழு பேரில் ஐந்து பேரின் செலவு அதற்குக் கீழேதான் இருக்கின்றது. 121 ரூபா ஆனவரின் வயலை யானை மிதித்திருக்கலாம். அவருடைய ஒரு எண் எல்லோருடைய கணக்கையும் உயர்த்திவிட்டது. இப்படியான இடத்தில் எண்களை வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பதைப் பாருங்கள். இங்கே அது 62. ஊரின் நிலையைச் சொல்வதற்கு இந்த நடு எண்ணே பொருத்தம்.

அதைவிட முக்கியம், 55 ரூபாவில் செய்தவர் என்ன செய்தார் என்று கேட்பது. ஒருவேளை விதைநெல்லைக் குறைத்திருப்பார். விதைத்துச் செய்யும் வயலுக்கு ஏக்கருக்கு 2 புசல் அளவு போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் பொதுவான ஆலோசனை. மூன்று, நான்கு புசல் வீசுவோரும் எம்மிடையே உண்டு. அல்லது அவர் பசளையை அயலவரோடு சேர்ந்து மொத்தமாக வாங்கியிருப்பார். 121 ரூபா ஆனவரைக் குறை சொல்வதற்காக இந்தக் கணக்கு போடப்படுவதில்லை. அவருக்கு எங்கே உதவி தேவை என்று கண்டுகொள்வதற்கே.

சேர்த்த எண்கள் அதிகாரிகளிடம் பேசவும் உதவும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வைத்த ஊரால்தான் தன் இழப்பை இலக்கத்தில் எடுத்துரைக்க முடியும். மாரி வெள்ளத்தில் வாவி நிறையும்போது முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதிலும் வயல் செய்வோருக்கும் மீன் பிடிப்போருக்கும் நலன்கள் மாறுபடும். வாவியோரத்தில் அளவு குறித்த கம்பம் ஒன்றை நட்டு, ஒவ்வொரு நாளும் நீர்மட்டத்தையும் வயலில் நீர் ஏறிய திகதியையும் எழுதினால், அடுத்த முறை இரு பகுதியினரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். சத்தம் போட்டு வெல்லத் தேவையில்லை.

வெளியிலிருந்து வரும் தகவல்

எமது கொப்பி எமது செலவைச் சொல்லும். சந்தை விலையை அது சொல்லாது. அதற்கு வெளித்தகவல் வேண்டும். இதன் அருமையைக் கேரளத்து மீனவர் கதை நன்றாகக் காட்டுகின்றது. 1997 ஜனவரி 14ஆம் திகதி வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் வாங்குவாரின்றித் தங்கள் மத்தி மீனை வீசிவிட்டனர். அதே நாளில் 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் திரும்பினர். இடையில் இருந்தது தூரம் அல்ல, தகவல் இல்லாமை. 1997க்கும் 2001க்கும் இடையில் அந்தக் கரையோரத்தில் கைத்தொலைபேசி வந்தது. படகில் இருந்தபடியே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவது என்று மீனவர் தீர்மானித்தனர். பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் இதை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். வீணாகும் மீன் ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக நூற்றுக்கு 8 கூடியது. வாங்குவோருக்கு விலை நூற்றுக்கு 4 குறைந்தது. இரு பக்கத்தாரும் பயன் பெற்றனர்.

எமக்கும் இத்தகைய வழிகள் உண்டு. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் நாட்டின் முக்கிய சந்தைகளின் உணவுப்பொருள் விலைகளை நாள்தோறும் திரட்டி வெளியிடுகின்றது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பயிர் பற்றிய ஆலோசனை பெறலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு எழுவான்கரைச் சந்தைகள் கிட்டவாகிவிட்டன. பாலம் இருந்தும் அக்கரை விலை தெரியாவிட்டால் பாலத்தின் பயன் பாதிதான். ஊரில் ஒருவர் கிழமைக்கு இரு தடவைகள் கொக்கட்டிச்சோலை, களுவாஞ்சிகுடி, செங்கலடி, மட்டக்களப்பு நகர் விலைகளைக் கேட்டு வாசிகசாலையிலோ ஆலய மண்டபத்திலோ கரும்பலகையில் எழுதினால் அதுவே எமது விலைத் தகவல் நிலையம்.

புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியபோது, முதலில் மக்களிடம் "உங்களுக்கு எந்தத் தகவல் வேண்டும்?" என்று கேட்டது. வீராம்பட்டினத்து மீனவர் அலையின் உயரத்தைக் கேட்டனர். அது நாள்தோறும் ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. நல்லவாடு என்ற ஊரில் 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கரையிலிருந்து வெளியேற்றினர். அன்றாடத் தேவைக்காகக் கட்டி வைத்த முறைமை ஆபத்து நாளில் உயிரைக் காத்தது. அதே அலையில் உறவுகளைப் பறிகொடுத்த எமக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய மூன்று

முதலாவது, போன வருட விலை அடுத்த வருட விலை அல்ல. போன போகத்தில் கத்தரியோ மிளகாயோ நல்ல விலை போனதென்று எல்லோரும் அதையே நட்டால், அறுவடையில் விலை விழும். விலைத் தகவல் எமக்குக் கிடைத்ததென்றால் அயலூராருக்கும் கிடைத்திருக்கும். ஆகவே எத்தனை பேர், எத்தனை ஏக்கர் நடப் போகின்றார்கள் என்பதையும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் கேட்டு எழுதுங்கள்.

இரண்டாவது, வீட்டுக் கடனும் வறுமையும் கரும்பலகைக்கு உரியவை அல்ல. ஊர்க் கணக்கில் எண்ணை மட்டும் எழுதுங்கள்; பெயரை எழுத வேண்டாம். யாராவது விபரம் கேட்டு வந்தால் எதற்காக, யாருக்காக என்று கேளுங்கள். கொடுப்பதாயின் ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எண் எல்லாவற்றையும் சொல்லாது. அயலவரின் வயலுக்குத் தண்ணீர் விட்டுக் கொடுத்ததும், கணவனை இழந்த பெண்ணின் வரம்பை ஊர் சேர்ந்து கட்டியதும் எந்தப் பத்தியிலும் வராது. ஆனால் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பவரே பிறருக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பதையும் அறிவார்.

கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற கருத்தில் ஆண்டவர் சொன்ன உவமை லூக்கா நற்செய்தியில் உண்டு. அதில் எமக்குப் பிடித்தது "உட்கார்ந்து" என்ற பகுதி. ஓடிக்கொண்டே இருந்த மக்கள் நாம். உட்கார்ந்து கணக்குப் பார்க்க எமக்கு நேரம் கிடைத்ததில்லை. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போகுமுன், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஓர் இரவு சேர்ந்திருந்து, சென்ற போகத்தில் நினைவில் நிற்கும் செலவுகளை முதற் பக்கத்தில் எழுதுங்கள். பாதிதான் நினைவுக்கு வரும். பரவாயில்லை, வந்ததை எழுதுங்கள். அடுத்த போகத்தின் பக்கம் நிறைவாக இருக்கும்.